பூட்டிய வீட்டுக்குள் பக்கத்து வீட்டு நாய்: யாரைப் போய்க் கேட்பது?

கேள்வி, 2 ஆகஸ்ட் 2025, மாலை

நான் இருப்பது சிங்கப்பூரில். தேவகோட்டைக்குப் பக்கத்தில் பங்காளிகளுக்குப் பொதுவான எங்கள் பங்கு வீடு இருக்கிறது. அப்பச்சி போன பிறகு வருடத்தில் முக்கால்வாசி நாள் பூட்டித்தான் கிடக்கிறது. ஓர் அம்மா தினமும் வந்து வாசல் தெளித்து, உள்ளே சாமி வீட்டில் (பூஜை அறையில்) விளக்கேற்றிவிட்டுப் போவார். பக்கத்து வீட்டுக்காரருக்கு இரண்டு நாய். பின்பக்க மதில் ஓரிடத்தில் சரிந்து கிடப்பதால் அவை அந்த வழியாக உள்ளே வந்து வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டில் படுத்துக்கொள்கின்றன. இன்று காலை விளக்கேற்றப் போன அம்மாவை ஒரு நாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரரிடம் போனில் கேட்டேன். "வீடு சும்மாதானே கெடக்கு, ராத்திரி என் நாய்தான் காவல் காக்குது, நீங்கதான் அதுக்குச் சோத்துக்காசு தரணும்" என்கிறார். போலீசில் எழுதிக் கொடுப்பதா, வக்கீல் நோட்டீஸ் விடுவதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில், 2 ஆகஸ்ட், இரவு

அந்த அம்மா ஊசி போட்டாரா? உங்கள் கேள்வியில் அது இல்லையே தம்பி. வக்கீலை அப்புறம் பார்க்கலாம், முதலில் அவருக்குப் போன் போடுங்கள்.

காயத்தைச் சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீர் ஓட ஓடப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். காலையில் கழுவாவிட்டால் இப்போதாவது கழுவச் சொல்லுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் அப்பக் கூடாது. ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் போடுவார்கள். "அதுவும் வேணுமா டாக்டர்" என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் தடுப்பூசிக்குக் காசு கிடையாது. போடுகிற நாள் ஒன்று, அதிலிருந்து 3, 7, 28 ஆகிய நாட்கள். தோலுக்குள் போடும் முறை இது. தனியார் மருத்துவமனையில் தசையில் போட்டால் 14ஆம் நாளும் சேர்ந்து ஐந்து ஊசி.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் நினைத்திருப்பார். ஒருநாள் கூலி போகுமே என்றும் நினைத்திருப்பார். இன்றைக்கே ஆட்டோ வைத்துப் போகச் சொல்லுங்கள், காசை நீங்கள் அனுப்புங்கள்.

3 ஆகஸ்ட், காலை

ராத்திரியே போய் ஊசி போட்டுவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது.

"தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி போடுவாங்களே" என்று அவர் பயந்ததாகச் சொன்னீர்கள். அந்த மருந்தை இருபது வருடம் முன்பே நிறுத்தியாகிவிட்டது. இப்போது போடுவது கையில், சின்ன ஊசி. எங்கள் ஐயா காலத்தில் நாய் கடித்தால் குன்னூருக்கு ரயில் ஏற்றி அனுப்புவார்களாம். 1907இல் அங்கே பாஸ்டர் நிலையம் வந்தது, தெற்கே இருக்கிறவர்களுக்கு அதுதான் கதி. மலையேறிப் போய், மருந்து முடிகிறவரை அங்கேயே சத்திரம் பார்த்துத் தங்கணும். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்ததால் நாய்க்கடி என்றால் எனக்கு வேறு எதுவும் கண்ணில் படாது. வெறிநோய் வெளியே தெரிந்துவிட்டால் அதற்கப்புறம் வைத்தியம் இல்லை.

இன்னொன்று. கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்க வேண்டும். சாப்பிடுகிறதா, தண்ணீர் குடிக்கிறதா, குரல் மாறுகிறதா என்று பார்க்கணும். அந்த வேலையைப் பக்கத்து வீட்டுக்காரர்தான் செய்ய முடியும். அதனால் இப்போது அவரோடு முறைத்துக்கொள்ளாதீர்கள்.

4 ஆகஸ்ட்

"சும்மாதானே கெடக்கு" என்று அவர் சொன்னதற்கு வருகிறேன். நேற்றெல்லாம் அதே நினைப்பு.

வெளியூர்க்காரர்கள் இங்கே வாசிக்கிறார்கள், அவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு இந்தத் தெருவில், பின்வாசல் அந்தத் தெருவில். நடுவில் வளவு என்கிற முற்றம், இரண்டாங்கட்டு, அடுப்படி, கிணறு, கொல்லை. வளவைச் சுற்றி இருக்கும் அறைகள் புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தவை. ஒருவர் கோயம்புத்தூரில், ஒருவர் பினாங்கில், ஒருவர் அமெரிக்காவில். முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வந்து திறப்பார்கள், மறுபடி பூட்டுவார்கள். பூட்டியிருந்தாலும் உள்ளே பாட்டன் போட்டோ மாட்டியிருக்கிறது, சாமி விளக்கு எரிகிறது, பரணில் பித்தளை அண்டா இருக்கிறது.

இந்த மாதிரி வீட்டில் முதலில் பின்வாசலில் ஆடு கட்டுவார்கள். "வெயிலா இருக்கு ஆச்சி, நிழலுக்குத்தான்." அப்புறம் முகப்பில் நெல் காயும். அப்புறம் கொல்லையில் டிராக்டர் நிற்கும். ஒவ்வொன்றும் சின்ன விஷயம், எதற்கும் சண்டை போட மனசு வராது. நாய் வருவதும் அந்த வரிசையில் ஒன்றுதான். என்ன, ஆடு கடிக்காது.

நான் வருடம் முழுக்க ஊரிலேயே இருப்பவள். பங்காளிகள் எல்லோருக்கும் சேர்த்து நான்தான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் பின்பக்க மதிலில் வளவுத் தண்ணீர் வெளியே போகிற தூம்பு இருக்கிறது. பக்கத்து வீட்டு நாய் அதற்குள் உடம்பை நெளித்து நுழையப் பழகிவிட்டது. ஒரு பங்குனி மாதம் முற்றத்தில் வெள்ளை வேட்டி விரித்து வடகம் பிழிந்து வைத்திருந்தேன். மத்தியானம் வந்து பார்த்தால் வேட்டி நடுவில் சுருண்டு படுத்திருக்கிறது. மாவு அதன் வயிற்றில் ஒட்டிக் காய்ந்து போயிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று உறுமிற்று. என் வீட்டு முற்றத்தில் என்னைப் பார்த்து!

நேரே அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று கத்தியிருந்தால் தெரு கூடியிருக்கும், அவருக்கும் ரோசம் வந்திருக்கும். அவரும் இதே காவல் கதையைத்தான் சொன்னார். "அண்ணே, காவலுக்கு ஆள் வேணும்னு நான் கேட்கலையே. உங்க நாய் உங்க மதிலுக்குள்ள நின்னு குரைச்சாலே எங்க வீடு வரைக்கும் கேட்குமே, அது போதாதா?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் வீட்டு ஆச்சிதான் உள்ளேயிருந்து, "அவுக சொல்றது சரிதானே" என்றார்.

உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கும் இதையே சொல்லுங்கள். போனில் சொல்லாதீர்கள், உங்கள் சார்பில் வயசில் பெரியவர் ஒருவர் நேரில் போய்ச் சொல்லட்டும்.

5 ஆகஸ்ட், விடியற்காலை

நேற்று எழுதியதோடு ஒன்று சேர்க்கணும், இல்லாவிட்டால் அது நியாயமாக இருக்காது.

காவல் என்று அவர் சொல்வது வெறும் பேச்சில்லை. இங்கே ஆளில்லாத வீடுகளில் தேக்குத் தூணும் நிலைக்கதவும் களவு போனது ஊருக்கெல்லாம் தெரியும். எங்கள் தெருவிலேயே ஒரு ராத்திரி மினி லாரியோடு வந்தவர்கள் பின்வாசல் கதவைக் கழற்றப் பார்த்தார்கள். நாய் போட்ட சத்தத்தில் விளக்குகள் எரிந்தன, ஓடிவிட்டார்கள். அது அந்த வடகம் மேல் படுத்த அதே நாய். அதற்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்வேன். ஆனால் அது குரைத்தது தன் வீட்டு மொட்டைமாடியில் நின்று.

5 ஆகஸ்ட், பிற்பகல்

"பிஸ்கட்டில் மருந்து வைத்துவிட்டால் ஒரே ராத்திரியில் முடிந்தது" என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்கு ஏழெட்டுப் பேர் கைதட்டியிருக்கிறீர்கள்.

வயிறு எரிகிறது. விஷம் வைத்த நாய் சாவதை நான் பார்த்திருக்கிறேன். வாயில் நுரை தள்ளி, காலை இழுத்து இழுத்து, தண்ணீர்த் தொட்டிக்குப் போக முயன்று, பாதியில் விழுந்து கிடந்தது. யார் வைத்தது என்று யாருக்கும் தெரியாது, எல்லோருக்கும் தெரியும். அந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் இன்று வரை பேசிக்கொள்வதில்லை.

சட்டம் என்று பார்த்தாலும் அது குற்றம். விலங்கைக் கொன்றாலோ ஊனப்படுத்தினாலோ புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 325ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை சிறை. வீட்டு நாய், தெரு நாய் என்ற வித்தியாசம் அதில் கிடையாது. 1960ஆம் வருட விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் தனி. தவிர, மருந்து வைத்த பிஸ்கட்டில் நாய் பெயரா எழுதியிருக்கிறது? நம் ஊரில் ஆளில்லாத வளவுகளில் மயில் வந்து மேய்வது எல்லோரும் பார்ப்பதுதான். மயில் 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. ஒரு மயில் செத்தால் வனத்துறை வாசலில் நிற்கும். ஆடு செத்தால் ஆட்டுக்காரர் நிற்பார். பிள்ளைகள் எடுத்துத் தின்றால் என்ன ஆகும் என்று எழுதவே கை கூசுகிறது.

கடித்த நாய் செத்துவிட்டால் பத்து நாள் கண்காணிப்பதும் போச்சு. அந்த அம்மாவுக்கு நோய் பயம் மனதில் நின்றுவிடும்.

அந்தப் பதிவை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

7 ஆகஸ்ட்

சட்டம் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். என் தம்பி மகன் காரைக்குடியில் வக்கீலாக இருக்கிறான், அவனிடமும் கேட்டுக்கொண்டேன்.

நாய் உங்கள் வீட்டுக்குள் வந்தது அத்துமீறல் குற்றம் ஆகாது. அந்தக் குற்றம் மனிதர்களுக்கு. அதுவும் மிரட்டவோ அவமதிக்கவோ தொல்லை கொடுக்கவோ குற்றம் செய்யவோ எண்ணி நுழைந்திருக்கணும். நாயைப் பிடிக்க நாய்க்காரர் மதில் ஏறி உள்ளே குதித்தால்கூட அதே சன்ஹிதாவின் 329ஆம் பிரிவில் வழக்கு நிற்பது கஷ்டம் என்கிறான்.

1871ஆம் வருடக் கால்நடை அத்துமீறல் சட்டம் என்று ஒன்று உண்டு. பயிரில் மேய்ந்த மாட்டைப் பிடித்துப் பவுண்டில் அடைப்பார்களே, அது. அந்தச் சட்டத்தில் யானை, ஒட்டகம், குதிரை, கழுதை, பன்றி, ஆடு எல்லாவற்றின் பெயரும் இருக்கிறது. நாய் பெயர் இல்லை. ஆகவே நாயைப் பிடித்துக் கட்டிவைத்து, "தண்டம் கட்டி மீட்டுப் போங்க" என்று சொல்லவும் வழியில்லை.

கடித்தது வேறு விஷயம். தன் வசம் உள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ வரக்கூடும் என்று தெரிந்தும் பார்த்துக்கொள்ளாமல் விட்டால் 291ஆம் பிரிவு. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒருவர் 289 என்று எழுதியிருந்தார். அது பழைய இந்திய தண்டனைச் சட்டத்து எண், அபராதமும் அப்போது 1,000தான். 2024 ஜூலை 1க்குப் பிறகு நடந்ததெல்லாம் புதிய சட்டத்தில்தான் வரும்.

புகாரை அந்த அம்மா கொடுப்பதுதான் முறை. கடிபட்டவர் அவர். நீங்கள் சிங்கப்பூரிலிருந்து மின்னஞ்சல் அனுப்பினால் அது வீட்டுச் சண்டையாக மாறிவிடும், அவருடைய காயம் மறைந்துபோகும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். அதே தெருவில் நாளைக்கும் நடமாட வேண்டியவர் அவர். ஆனால் மருத்துவமனைச் சீட்டு ஒவ்வொன்றையும் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.

7 ஆகஸ்ட், இரவு

"நாய்க்கு என்னங்க தெரியும் எல்லை, பட்டா" என்று கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் கேட்கிறார். நாய்க்குத்தான் நன்றாகத் தெரியும். காலைத் தூக்கித் தூக்கி எல்லை போடுவதே அதன் வேலை. குட்டியிலிருந்து எது நம்முடையது என்று காட்டி வளர்த்தால் அதைத் தாண்டாது. உங்கள் மதில் சரிந்த பிறகு இரண்டாங்கட்டு வரை தன் இடம் என்று அது முடிவு செய்திருக்கும். அதனால்தான் விளக்கேற்ற வந்தவர் அதன் கண்ணுக்கு வேற்றாளாகத் தெரிந்தார். வளர்ப்பவர் ஒருமுறை "இங்கே வா" என்று கூப்பிட்டிருந்தால் இது நடந்திருக்காது.

12 ஆகஸ்ட்

பத்து நாள் முடிந்துவிட்டது, நாய் நன்றாக இருக்கிறது என்ற செய்தி பார்த்தேன். நிம்மதி. ஊசியைத் தாமாக நிறுத்த வேண்டாம், மருத்துவர் சொல்கிறபடி நடக்கட்டும்.

நேற்று உச்ச நீதிமன்றம் டெல்லித் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னதைக் காட்டி, "பார்த்தீர்களா, இனிமேல் ஒரே போன்தான்" என்று சிலர் எழுதுகிறார்கள். அந்த உத்தரவு டெல்லிக்கும் அதைச் சுற்றிய ஊர்களுக்கும். தெருநாயைப் பற்றியது. இங்கே நாம் பேசுவது வீட்டு நாய். அதற்குச் சொந்தக்காரர் பெயர் சொல்லி இருக்கிறார், தட்டில் சோறு வைக்கிறார். அவரை விட்டுவிட்டு நகராட்சி வண்டிக்குப் போன் போடுவதில் எனக்குச் சம்மதமில்லை. 2023ஆம் வருட விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளிலும் தெருநாய்க்கு உள்ளாட்சி பொறுப்பு, வளர்ப்பு நாய்க்குத் தடுப்பூசியும் கருத்தடையும் வளர்ப்பவர் பொறுப்பு என்றுதான் இருக்கிறது.

உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தன் நாய்களுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறாரா என்று யாருமே கேட்கவில்லையே. மூன்று மாதக் குட்டியில் தொடங்கி வருடா வருடம் போடணும்.

16 ஆகஸ்ட்

இன்றைக்குத் தேய்பிறை அஷ்டமி. வைரவன்பட்டிக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். நகரத்தார் கோயில் ஒன்பதில் அதுவும் ஒன்று. வைரவர் சன்னதியில் நல்ல கூட்டம்.

உங்கள் பக்கத்து வீட்டுக்காரர், "வைரவர் வாகனத்தை விரட்டுறவுக வீடு வெளங்காது" என்று அந்த அம்மாவிடம் சொன்னாராமே. அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. கடிபட்டவரிடம் சாபம் மாதிரிப் பேசலாமா? எங்கள் அப்பத்தா அஷ்டமி தவறாமல் நாய்க்குத் தயிர்சாதம் வைப்பார். வாசலில் இலை போட்டு வைப்பார், தின்று முடிக்கிறவரை பக்கத்தில் நின்று, இலையை எடுத்துக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, இடத்தைக் கழுவிவிடுவார். அடுத்த வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்ததில்லை. வைரவர் கோயிலைக் காக்கிற சாமி. அவர் பெயரைச் சொல்லி அடுத்தவர் வீட்டுக்குள் நாயை விடுவது என்ன பக்தி?

நாய் மேல் எனக்கு வெறுப்பில்லை என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன். எங்கள் வீட்டிலும் அப்பச்சி காலத்தில் ராஜபாளையம் இருந்தது. வெள்ளை வெளேரென்று, மூக்கு மட்டும் இளஞ்சிவப்பு. அப்பச்சி செருப்புச் சத்தம் தெருமுனையில் கேட்டால் முகப்புக்கு ஓடும், நிலைப்படியைத் தாண்டாது.

17 ஆகஸ்ட்

என்ன நாய் என்று கேட்டதற்குப் படம் போட்டிருக்கிறீர்கள். இரண்டும் சிப்பிப்பாறை மாதிரித்தான் தெரிகிறது, அல்லது கன்னி கலந்தது. ஒட்டிய வயிறு, நீளக் கால், சாட்டை வால். விருதுநகர்ச் சீமையில் முயல் விரட்ட வளர்த்த இனம். முயல் வேட்டை இப்போது கூடாது. ஓடுவதற்கே பிறந்த நாயைப் பகலெல்லாம் மூன்றடிச் சங்கிலியில் கட்டிப்போட்டு, ராத்திரி அவிழ்த்துவிட்டால் அது உங்கள் மதிலைத் தாண்டத்தான் செய்யும். சரிந்த இடம் இல்லாவிட்டாலும் தாண்டும்.

அதிகாலையில் கண்மாய்க்கரையில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு வந்தால் நாள் முழுக்கத் தூங்கும். உங்கள் பெரியவர் பேசப் போகும்போது இதையும் சொல்லட்டும். குறை மட்டும் சொல்லாமல் நாயின் நன்மைக்கும் ஒரு யோசனை சொன்னால் அவர் காது கொடுப்பார். சங்கிலியிலேயே கிடக்கும் நாய்க்கு மூர்க்கம் ஏறுவது அதன் குற்றமில்லை.

23 ஆகஸ்ட்

நேற்று உச்ச நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் அமர்வு தெருநாய் பற்றிய முதல் உத்தரவை மாற்றிவிட்டது. கருத்தடை, தடுப்பூசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விடவேண்டும். வெறி பிடித்ததையும் மூர்க்கமானதையும் விடக்கூடாது. தெருவில் கண்ட இடத்தில் சோறு வைக்காமல் அதற்கென்று இடம் ஒதுக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது எனக்குப் பிடித்தது.

30 ஆகஸ்ட்

கடைசி ஊசி போட்டாயிற்றா?

31 ஆகஸ்ட்

போட்டாயிற்று என்றீர்கள், சந்தோஷம். அந்த அம்மாவுக்கு ஊசிக்குப் போன நாட்களின் கூலி, ஆட்டோ செலவு யார் கொடுத்தது? "அவர் கேட்கவில்லை" என்கிறீர்கள். அவர் எப்படிக் கேட்பார்? கடித்தது அவர் நாயுமில்லை, கடிபட்ட இடம் அவர் வீடுமில்லை. உங்கள் விளக்குக்காகப் போனவர். முழுவதும் நீங்கள் கொடுத்துவிட்டு, நாய்க்காரரிடம் பாதியை வாங்குவது உங்கள் பாடு. சாமி வீட்டுக்குப் போகவே இப்போது பயமாக இருக்கிறது என்று அவர் சொன்னதை நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

6 செப்டம்பர்

மதில் விஷயம். "பங்காளிகள் யாரும் காசு தரமாட்டேன் என்கிறார்கள், நான் மட்டும் எதற்குக் கட்டணும்" என்ற பதிலைப் பார்த்தேன். செட்டிநாட்டு வீடுகள் விழுவதற்கு மழையும் கரையானும் ஒரு காரணம், இந்தப் பேச்சு அதைவிடப் பெரிய காரணம். ஒரு புள்ளி கட்டலாம் என்றால் ஒரு புள்ளி அடுத்த வருடம் என்பார், இன்னொருவர் தனக்கு இரண்டாங்கட்டில் பங்கே இல்லை என்பார். அதற்குள் ஓட்டுக்கு மேல் ஆலங்கன்று முளைத்துவிடும்.

பக்கத்து வீட்டுக்காரரைத் திட்டுகிறோம், சரி. அந்த மதில் சரிந்து எத்தனை மழைக்காலம் போயிற்று? நம் வீட்டை நாமே பார்க்காமல் விட்டுவிட்டு அடுத்தவர் மட்டும் மதிக்கணும் என்றால் அவர் கேட்பது கேள்விதானே. அதற்காக அவர் நாய் உள்ளே வரலாம் என்றில்லை. மதில் இல்லாவிட்டாலும் எல்லை எல்லைதான். ஆனால் சரிந்த மதிலோடு போய்ப் பேசுகிறவர் குரல் ஏறாது.

முழு மதிலுக்குக் காத்திருக்காதீர்கள். சரிந்த அகலத்துக்கு மட்டும் இரும்புக்குழாய் நட்டு, கம்பிவலை அடியுங்கள். வலையின் அடி ஒரு முழம் மண்ணுக்குள் போகணும், இல்லாவிட்டால் தோண்டிக்கொண்டு வரும். உயரம் ஆறடிக்குக் குறையக் கூடாது, சிப்பிப்பாறை குதிக்கும். தண்ணீர் போகும் தூம்புக்கு நெருக்கமான கம்பிச் சட்டம் போடுங்கள். எங்கள் வீட்டில் அதுதான் செய்தோம், அதற்கப்புறம் ஒருநாளும் வரவில்லை. செலவைக் கணக்கு எழுதி, ரசீதோடு வைத்து, அடுத்த படைப்புக்கு எல்லோரும் கூடும்போது வளவில் உட்கார்ந்து படியுங்கள். நேருக்கு நேர் மாட்டேன் என்று சொல்கிறவர்கள் குறைவு.

"நாய் போய் வருகிற தூம்புக்கும் பங்கு எழுதியிருக்கிறதா" என்று இங்கே ஒருவர் கேட்டதற்கு எல்லோரும் சிரித்திருக்கிறீர்கள். எங்கள் பாகப்பத்திரத்தில் தூம்புத் தண்ணீர் எந்தப் பக்கம் போகணும் என்று எழுதியே இருக்கிறது. எடுத்துப் பாருங்கள், உங்கள் பத்திரத்திலும் இருக்கலாம்.

9 செப்டம்பர்

வலை அடிக்கிறார்கள் என்றீர்கள். அதற்குள் ஒரு அவசரம்: இரண்டாங்கட்டில் நாய் மூத்திரக் கறையைப் போக்க ஆசிட் ஊற்றப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம், வேண்டவே வேண்டாம். அது ஆத்தங்குடிக் கல். கண்ணாடிமேல் சிமென்ட் வண்ணத்தை ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் கையால் செய்தது. ஆசிட் பட்டால் பூவெல்லாம் வெளுத்து, மேல்தோல் உரிந்து, சொரசொரப்பாகிவிடும். அப்புறம் அதை யாராலும் மீட்க முடியாது.

சோப்புத் தண்ணீர், மெல்லிய துணி. இரண்டு மூன்று முறை துடைத்து, நன்றாகக் காயவிட்டு, தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். கறை ஒரேயடியாகப் போகாது, மங்கும். நடக்க நடக்கப் பளபளப்பு வரும். அந்தக் கல்லுக்கு ஆள் நடமாட்டம்தான் மெருகு.

நகக் கீறல் ஒன்றும் செய்யாது. கதவில் கீறியிருந்தால் தச்சரைக் கேளுங்கள்.

21 செப்டம்பர்

உங்கள் சார்பில் போன பெரியவர் என்ன பேசினார் என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். வலையைப் பார்த்ததும் நாய்க்காரர் முகம் சுருங்கியதாம். "என்னை அந்நியமா ஆக்கிட்டீகளே" என்றாராம்.

அதுவும் ஒரு நியாயம்தான் என்று தோன்றுகிறது. இத்தனை வருடம் உங்கள் வீட்டில் பைப் உடைந்தால், மரம் விழுந்தால், முதலில் போன் போட்டவர் அவராகத்தான் இருந்திருப்பார். அவருக்கும் இது ஒரு உறவு. நீங்கள் அடுத்த முறை வரும்போது முதல் வேலையாக அவர் வீட்டுக்குப் போங்கள். கையில் எதையாவது கொண்டுபோங்கள். நாய்க்கு ஊசி போடும் செலவில் நான் ஒரு பங்கு தருகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். வாங்கமாட்டார். கேட்டது மனதில் நிற்கும். வலையை மட்டும் எடுக்காதீர்கள்.

8 நவம்பர்

நேற்று உச்ச நீதிமன்றம் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன் வளாகங்களிலிருந்து தெருநாய்களை அகற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு, மறுபடி அதே இடத்தில் விடக்கூடாது என்று சொல்லியிருக்கிறது. இங்கே மறுபடி சண்டை ஆரம்பித்துவிட்டது. தெருநாய் பற்றித் தனி இழை தொடங்குங்கள், இதில் வேண்டாம்.

தீபாவளிக்கு வந்தபோது வலை உறுதியாக இருந்தது, நாய் வரவில்லை, அந்த அம்மா மறுபடி விளக்கேற்றப் போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பின்வாசல் சாவி யாரிடம் இருக்கணும் என்று கேட்கிறீர்கள். அந்த அம்மாவிடம் ஒன்று, உங்கள் பெரியவரிடம் ஒன்று. நாய்க்காரருக்கும் ஒன்று வெட்டிக் கொடுக்கலாம் என்ற உங்கள் பெரியப்பா மகன் யோசனை நல்ல மனசில் சொன்னதுதான், ஆனால் வேண்டாம். அவர் நாய் எப்படியாவது உள்ளே வந்துவிட்டால் அந்த அம்மாவுக்குப் போன் போடட்டும், அவர் வந்து கதவைத் திறந்துவிட்டு வெளியே நிற்கட்டும், நாய்க்காரர் உள்ளே போய் நாயைப் பிடித்துக்கொண்டு வரட்டும். நாயை விரட்டும் வேலையை மட்டும் அந்த அம்மா தலையில் கட்டாதீர்கள்.